குயவர் மகன் மணி தாஸ்: கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆண்டுகளும் சாதியும்

இந்தியக் கால்பந்தின் வரலாறு என்று தேடினால் முதலில் கிடைப்பது 1911. கல்கத்தாவின் மோகன் பகான் அணி வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற கதை. போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் அதுதான் இருக்கிறது, சினிமாவாக வந்ததும் அதுதான். அந்த வெற்றியைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. அடிமைப்பட்ட நாட்டில் ஆண்டவனை ஒரு மாலைப் பொழுதாவது மண்ணைக் கவ்வ வைத்தது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே, அதே ஊரில், வெள்ளைக்காரன் யாரும் குறுக்கே நிற்காத ஒரு கால்பந்துக் கிளப்பில் ஒரு சண்டை நடந்தது. இந்தப் பையனை அணியில் சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. பையனின் பெயர் மணி தாஸ். அவன் அப்பா குயவர்.

பந்து நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்தச் சண்டை புரியும். கப்பலில் வந்த மாலுமிகளும் பட்டாளத்துச் சிப்பாய்களும்தான் முதலில் ஆடினார்கள். இந்தியர்களின் காலுக்குப் பந்து வந்து சேர்ந்தது பள்ளி, கல்லூரி வழியாக. 1877இல் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, அப்போது எட்டு வயதுப் பையன், அம்மாவோடு கங்கைக் குளியலுக்குப் போகும் வழியில் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்தான். தன் பக்கம் உருண்டு வந்த பந்தை அவன் திருப்பி உதைத்தான். கதை அப்படித்தான் தொடங்குகிறது. அப்புறம் பையன்கள் காசு சேர்த்துக் கடையில் போய்ப் பந்து வாங்கினார்கள். வாங்கி வந்தது கால்பந்து அல்ல, முட்டை வடிவ ரக்பி பந்து. எதிரே இருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு, சரியான பந்து கிடைக்க உதவி, ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார். பிறகு நாகேந்திர பிரசாத் அதே கல்லூரியில் சேர்ந்து அங்கேயும் கால்பந்துக் குழு அமைத்தார். இன்று அவரை இந்தியக் கால்பந்தின் தந்தை என்கிறார்கள்.

இந்தக் கதையில் வரும் இரண்டு கல்வி நிறுவனங்களையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பிரசிடென்சி கல்லூரியின் பழைய பெயர் இந்துக் கல்லூரி. 1817இல் "மரியாதைக்குரிய" இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக என்று சொல்லியே திறக்கப்பட்டது. மரியாதைக்குரியவர் யார் என்பதை முடிவு செய்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1853இல் ஹீரா புல்புல் என்ற நாட்டியப் பெண்ணின் மகனை அங்கே சேர்த்ததும் நகரத்துப் பெரிய மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு, போட்டியாக வேறொரு கல்லூரியையே தொடங்கினார்கள். 1855இல் அரசு அதைப் பிரசிடென்சி கல்லூரி ஆக்கி எல்லோருக்கும் திறந்தது. சட்டப்படி வாசல் திறந்தது. அதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வாசலுக்கு உள்ளே யார் இருந்தார்களோ அவர்கள் காலுக்குத்தான் பந்து போனது. இந்தியக் கால்பந்தின் முதல் தலைமுறை ஏன் முழுக்க முழுக்க மேல்சாதிப் பெயர்களாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் "திறமை" என்று பதில் வரும். கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலைப் பாருங்கள் என்பது எங்கள் பதில்.

இப்போது மணி தாஸ். நாகேந்திர பிரசாத் பல கிளப்புகளைத் தொடங்கினார். அவற்றில் ஒன்று வெலிங்டன் கிளப். 1880களின் நடுவில் அந்தக் கிளப்பில் மணி தாஸைச் சேர்க்க அவர் முன்வந்தபோது உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். குயவர் மகனோடு எப்படி ஆடுவது? நாகேந்திர பிரசாத் விட்டுக்கொடுக்கவில்லை. கிளப்பையே கலைத்தார். ஷோபாபஜார் ஜமீன் குடும்பத்தின் ஆதரவோடு ஷோபாபஜார் கிளப் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி மணி தாஸை அதில் உறுப்பினராக்கினார்.

நல்ல காரியம். சாதிக்காகத் தன் கிளப்பைக் கலைத்த ஆளை நாங்கள் மதிக்கிறோம். இன்றைக்கு எத்தனை விளையாட்டுச் சங்கத் தலைவர்கள் அதைச் செய்வார்கள்? ஆனால் இரண்டு விஷயங்கள் நமக்கு உறுத்த வேண்டும்.

ஒன்று, இந்தக் கதை சொல்லப்படும் விதம். இது எப்போதுமே நாகேந்திர பிரசாத்தின் பெருந்தன்மைக் கதையாகத்தான் சொல்லப்படுகிறது. 2021இல் அவர் வாழ்க்கையை வைத்து "கோலந்தாஜ்" என்று வங்காளத்தில் படமே வந்தது. கதாநாயகன் அவர்தான். மணி தாஸ் கதைக்குள் வருவது கதாநாயகனின் மனசு எவ்வளவு பெரிது என்று காட்டத்தான். எதிர்த்து நின்ற உறுப்பினர்களுக்குப் பெயரே இல்லை. நம் ஊர்ச் சாதிக் கலவரச் செய்திகளில் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று எழுதுவார்களே, அதே பழக்கம்தான். அவமானப்பட்டவன் பெயர் நிற்கிறது, அவமானப்படுத்தியவன் பெயர் மறைகிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். வங்காளத்தில் குயவர்கள் தீண்டப்படாத சாதியல்ல. பார்ப்பனர் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று வைத்த நவசாக் என்ற சாதித் தொகுப்பில் வருபவர்கள். கையில் தண்ணீர் வாங்கலாம், காலில் பந்து வாங்கக் கூடாது. அவர்களுக்கே இந்த நிலை என்றால், அன்றைக்குச் சண்டாளர் என்று அழைக்கப்பட்ட நாமசூத்திரர்களும், பாக்தி, டோம், முச்சி மக்களும் எங்கே இருந்தார்கள்? அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்தக் கிளப்பிலும் சண்டை நடக்கவில்லை. சண்டை நடக்கும் தூரத்துக்கே அவர்களை விடவில்லை. விலக்கப்பட்டவன் கதை வரலாற்றில் பதிவாக வேண்டுமென்றால் அவன் வாசல்வரையாவது வந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பந்து எதனால் ஆனது? தோலால். செத்த மாட்டை உரித்து, தோலைப் பதப்படுத்தி, வெட்டித் தைக்கும் வேலையை இந்த நாட்டில் யார் தலையில் கட்டினார்கள் என்பது தர்மபுரியின் அருந்ததியர் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தத் தோலை வெறுங்காலால் தொட்டார்கள், மார்பில் வாங்கினார்கள், தலையால் முட்டினார்கள். தீட்டு ஒட்டவில்லை. தோலைக் கையால் தொட்டவனைத் தொட்டால்தான் ஒட்டும்!

ஷோபாபஜார் அணி களத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுவோம். 1889இல் டிரேட்ஸ் கோப்பை தொடங்கியபோது வெள்ளைக்கார அணிகளுக்கு நடுவே முதலில் நுழைந்த இந்திய அணி அதுதான். 1892இல் அதே கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. போட்டிக் களத்தில் இந்திய அணியொன்று வெள்ளைக்கார அணியை வென்ற முதல் ஆட்டம் என்று அதை எழுதுகிறார்கள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனாலும் 1911க்கு 19 ஆண்டுகள் முன்பே, குயவர் மகனுக்காகக் கிளப்பைக் கலைத்துக் கட்டிய அணி இதைச் சாதித்தது. சாதியைத் தள்ளிவைத்த அணிதான் முதலில் வென்றது என்பதைத் தேர்வு வழிகாட்டிகள் சொல்வதில்லை.

கல்கத்தா கதை போதும், நம் பக்கம் வருவோம். ஏறக்குறைய அதே காலகட்டத்தில் கோயம்புத்தூர்க் கல்லூரியில் ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். 1860இல் பிறந்தவர், செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்துக்காரர், பறையர் வகுப்பு. ரெட்டமலை சீனிவாசன். 1939இல் வெளியான தன் "ஜீவிய சரித்திர சுருக்க"த்தில் அந்தக் கல்லூரி நாட்களைச் சில வரிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் வாசகர் வட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் யாரையும் விடுவதில்லை. அவர் சொல்லும் செய்தி இது. ஏறத்தாழ 400 மாணவர்கள், அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். யாரோடாவது நெருங்கிப் பழகினால் சாதி, வீடு, உறவு எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று பயந்தார். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக நடந்து வீடு சேர்ந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்ற கொடுமை அவர் மனத்தை அரித்தது.

தேர்வு, மதிப்பெண், வேலை எதையும் அவர் அங்கே சொல்லவில்லை. வயது முதிர்ந்து, வட்டமேசை மாநாடுவரை போய்வந்த மனிதர், தன் இளமையைத் திரும்பிப் பார்க்கும்போது எழுதத் தோன்றியது விளையாட முடியாமல் போனதைப் பற்றி. விளையாட்டைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தே படித்து முடித்துவிடலாம். தொடாமல் பாடம் கேட்கலாம், பட்டமும் வாங்கலாம். தொடாமல் விளையாட முடியாது. தோளோடு தோள் இடிக்க வேண்டும், வியர்வை ஒட்ட வேண்டும், விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்க வேண்டும், ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். சாதிக்கு வகுப்பறையைவிட மைதானத்தைக் கண்டால் பயம் அதிகமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த அந்த மாணவர்தான் 1891இல் பறையர் மகாஜன சபையை உருவாக்கினார். 1893இல் "பறையன்" என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். ஒளித்து வைத்திருந்த பெயரைத் தலைப்பில் அச்சடித்தார். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடங்கள் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மைதானமும் பொது இடம்தானே.

மீண்டும் 1911க்கு வருவோம், இந்த முறை வேறு கண்ணோடு. அந்த ஆண்டு ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை மோகன் பகான் 2-1 என்று வென்றது. ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். பதினொரு பேரின் பின்பெயர்களை வரிசையாகப் படியுங்கள்: முகர்ஜி, சுகுல், சட்டர்ஜி, முகர்ஜி, சென்குப்தா, பட்டாச்சார்யா, ராய், சர்க்கார், கோஷ், பாதுரி, பாதுரி. சட்டர்ஜி மட்டும் கிறிஸ்தவர், பூட்ஸ் போட்டு ஆடியவரும் அவர் ஒருவர்தான். மற்றபடி வங்காளத்துப் பத்ரலோகத்தின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. நாட்டின் மானத்தைக் காப்பாற்றிய பதினொரு பேர் என்கிறார்கள். சரி, எந்த நாட்டின் எந்தப் பாதி?

மோகன் பகான் 1889இல் தொடங்கியபோது ஆடிய முதல் ஆட்டம் பிரசிடென்சி மாணவர்கள் தங்கிய ஈடன் இந்து விடுதி அணியோடு. மோகன் பகான் ஷீல்டு வென்ற அதே 1911இல் பிரசிடென்சி கல்லூரியில் ஒரு கிராமத்துப் பையன் சேர்ந்தான். டாக்கா பக்கம் சின்னக் கடைக்காரரின் மகன், தாழ்ந்தது என்று சொல்லப்பட்ட சாதி. அதே ஈடன் இந்து விடுதியில் தங்கினான். விடுதிப் பிள்ளைகள் அவனைத் தங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. அவன் பெயர் மேக்நாத் சாகா. விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பத்தை அறிய உதவும் சாகா சமன்பாட்டை 1920இல் உலகுக்குக் கொடுத்தவர். ஊரே வெள்ளைக்காரனை வென்ற மகிழ்ச்சியில் மிதந்த காலத்தில், அந்த ஊரின் மிகச் சிறந்த கல்லூரி விடுதியில் சோற்றுப் பந்தி இப்படித்தான் இருந்தது.

அதே கோடையில் கடலுக்கு அப்பால் இன்னொரு அணி ஆடிக்கொண்டிருந்தது. அது கிரிக்கெட். பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில், சமார் வகுப்பைச் சேர்ந்த பல்வங்கர் பாலு அந்தச் சுற்றுப்பயணத்தில் மட்டும் 114 விக்கெட் எடுத்தார். அவர் கல்லூரி வழியாக வந்தவர் அல்ல. புனேயில் வெள்ளைக்காரக் கிளப்பில் மாதம் சில ரூபாய் கூலிக்குத் தரை கூட்டி, வலை கட்டி, துரைமார்களுக்குப் பந்து போட்டுப் பழகியவர். இந்து அணி அவர் பந்துவீச்சை எடுத்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். ஊர் திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு எடுத்த பாராட்டு விழாவின் வரவேற்புரையை எழுதிக் கொடுத்தவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவரான இருபது வயது பீமராவ் அம்பேத்கர். பின்னாளில் 1937 தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள், அம்பேத்கர் வென்றார். அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.

வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்களுக்கென்று மைதானம் போட்டுக்கொண்ட வரலாறும் உலகத்தில் உண்டு. ஷோபாபஜார் வென்ற அதே 1892, டிசம்பர் 27. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் சாலிஸ்பரி என்ற ஊர். அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான லிவிங்ஸ்டன் கல்லூரியும் சார்லட் நகரத்து பிடில் கல்லூரியும் மோதின. கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஃபுட்பால் ஆட்டம் அது. நம் கால்பந்து அல்ல, கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். மாணவர்களே காசு போட்டுப் பந்து வாங்கினார்கள். சாதாரணச் செருப்புகளுக்கு அடியில் பிடிமானக் கட்டை அடித்துக்கொண்டார்கள். சீருடை தைத்துக் கொடுத்தது கல்லூரியின் தையல் பிரிவு மாணவிகள். கல்லூரிப் புல்வெளிதான் மைதானம். ஆட்டத்தின் நடுவே பனி கொட்டிக் கோடுகளை மூடிவிட்டது. லிவிங்ஸ்டன் பிள்ளைகள் எடுத்த புள்ளி கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வந்து, தீர்ப்பு பிடில் பக்கம் போனது.

அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கல்லூரி இருந்தது. நமக்கு? பாபாசாகேப் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கியவரை நம் பெயரில் சொல்லிக்கொள்ள அப்படிப்பட்ட கல்லூரி இல்லை. தர்மபுரி அன்றைக்கெல்லாம் சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1965 அக்டோபர் 2இல்தான் தனி மாவட்டமானது. அரசு கலைக் கல்லூரியும் அதே 1965இல் வந்ததுதான். கல்கத்தாவில் அந்தப் பையன் பந்தை உதைத்து 88 ஆண்டுகள் கழித்து நம் ஊருக்குக் கல்லூரி வந்தது. அங்கே நுழைந்த நம் முதல் தலைமுறைக்குக் கையில் இருந்த ஒரே நுழைவுச்சீட்டு சான்றிதழ். அதனால்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தபோது, எரிந்த வீடுகளுக்குள் பிள்ளைகளின் சான்றிதழும் பாடப் புத்தகமும் சாம்பலானதை நாம் தனியாகச் சொல்லி அழுதோம்.

கபடியோ கிரிக்கெட்டோ, திருவிழா நோட்டீஸில் ஊர் அணி தனி, காலனி அணி தனி என்று அச்சாகும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி நிறக் கயிறு கட்டிக்கொள்வதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. வெலிங்டன் கிளப்பின் பெயரில்லாத உறுப்பினர்கள் செத்துப்போய்விடவில்லை.

அந்த நாங்குநேரிச் சம்பவம் நடந்த அதே மாதம், ஆகஸ்ட் 12 அன்று, கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டியூரண்ட் கோப்பை ஆட்டம். வரிசையாக எட்டு முறை மோகன் பகானிடம் தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால் அணி அன்று 1-0 என்று வென்றது. அறுபதாவது நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவர். கல்லூரிப் பேராசிரியர் பந்து கொடுத்துப் பழக்கிய வழியில் வந்ததல்ல வியாசர்பாடிக் கால்பந்து. உழைக்கும் மக்கள் குடியிருப்புகளின் நடுவே, கிடைத்த இடத்தில், அங்கேயே வளர்ந்த அண்ணன்மார் பயிற்சி கொடுத்து வந்தது.

இதைப் படிக்கும் கல்லூரித் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் கல்லூரியின் உடற்கல்வி அறைச் சுவரில் பழைய அணிகளின் குழுப் படங்கள் இருக்கும். போய்ப் பாருங்கள். கீழே அச்சடித்த பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் உங்கள் தெருவிலிருந்து அங்கே படித்த பெரியப்பா, மாமா, அத்தை யாராவது இருந்தால், படத்தில் ஏன் இல்லை என்று கேளுங்கள். இருந்தால், ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் எங்கே குடித்தார்கள் என்று கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகள் மாலையில் எந்த இடத்தில் ஆடுகிறார்கள், எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும், அணித் தேர்வு எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.